பாதை எத்தனை மணிக்கு வரும்?

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, ‘யாழ்ப்பாணம் வருகிறவர்கள் நல்லூரையும் கோட்டையையும் பார்த்துவிட்டு உடனே திரும்பாமல், ஒருநாள் ஒதுக்கி ஊர்காவற்துறைக்கும் போய் வாருங்கள், போகும்போது பாதையில் போங்கள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஆகவே இந்த முறை சமையல் சந்தேகம், மாமியார் மருமகள் வழக்கு, பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசி எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் காரைநகரில் பிறந்தவள். ஊர்காவற்துறைத் தபாற் கந்தோரில் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். காலையில் இக்கரையிலிருந்து அக்கரை, பின்நேரம் அக்கரையிலிருந்து இக்கரை. பக்கச்சார்பு இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: அக்கா, சில மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணம் வந்திருந்தேன். ஊர்காவற்துறைக்கு வழி கேட்டதற்கு ஒரு பெரியவர், “காரைநகர்த் துறைமுகத்தில போய் நில்லுங்கோ தம்பி, பாதை வரும்” என்றார். பாதை எப்படி வரும்? நாம்தானே பாதையில் போகவேண்டும்? கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் போகவே இல்லை.

பதில்: ஐயோ தம்பி, அந்த மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எங்களுக்குப் பாதை என்றால் இரண்டு கரைக்கும் நடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் மிதவை. நடக்கிற வழிக்கு வீதி, ஒழுங்கை என்று வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். “பாதை வந்திட்டுதோ?”, “பாதை இப்பத்தான் வெளிக்கிட்டது”, “பாதை இண்டைக்குப் பழுது.” இந்த மூன்று வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டு போனீர்கள் என்றால் துறைமுகத்தடியில் உங்களை மூளாய்ப் பக்கத்து ஆள் என்றே நினைப்பார்கள்.

காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் இருப்பது ஒடுங்கிய கடல். அதில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பாதை போய் வருகிறது. காசு வாங்குவதில்லை. அந்தக் கடலும் வீதியின் ஒரு துண்டு என்பதுதான் கணக்கு. வீதியில் நடப்பதற்கு யார் ரிக்கற் வெட்டுகிறார்கள்?

தட்டையான தளம், சுற்றிவரக் கம்பி. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறும். கார், வான் என்றால் நீங்கள் யாழ்ப்பாணம் போய்ப் பண்ணைப் பாலத்தால் சுற்றித்தான் போகவேண்டும். பாதை கரையில் முட்டும்போது ஒரு சின்னத் தள்ளாட்டம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த நேரத்தில் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு மற்றக் காலை என்ன செய்வது என்று யோசிப்பார்கள். யோசிக்கக்கூடாது. முன்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவர் நிற்பார், அவர் எப்போது உருட்டுகிறாரோ அப்போது நீங்களும் போங்கள். ஏறியதும் யாரும் உட்காரமாட்டார்கள், உட்காரும் அளவுக்குத் தூரமும் இல்லை. பெண்கள் சேலைத் தலைப்பையோ சால்வையையோ கழுத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிள்காரர் எல்லோரும் ஒரு கையால் பிறேக்கைப் பிடித்தபடி கைத்தொலைபேசி பார்ப்பார்கள். இயந்திரம் முழங்கத் தொடங்கினால் கதை பேச்சு நின்றுவிடும். ஒன்பது வருஷம் நான் ஒருநாளும் அந்தப் பத்து நிமிஷத்தில் யாரோடும் சண்டை பிடித்ததில்லை, காது கேட்டால்தானே.

வலது கைப்பக்கம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். தண்ணீருக்கு நடுவே ஒரு கோட்டை தெரியும். அதைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார். கரையோரமாகத் தடிகள் நட்டு வலை கட்டியிருந்தால் அது கடலட்டைப் பண்ணை. என் காலத்தில் இல்லாத காட்சி. நாங்கள் காலில் மிதித்து அருவருத்த அட்டையை இப்போது கப்பலேற்றிக் காசாக்குகிறார்கள்.

கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு சனி ஞாயிறில் கோச்சியில் வந்து ஊர்காவற்துறை பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா, அன்ரி? கார் ஓட்டிக்கொண்டு வர விருப்பமில்லை.

பதில்: முடியும் பிள்ளை. வெள்ளி இரவு ஏறுகிற மாதிரி அமைத்துக்கொண்டால்தான் முடியும். பகலில் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து வெளிக்கிடும் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர மத்தியானம் கழிந்துவிடும், அன்றைய நாள் அதோடு சரி. இரவுத் தபால் கோச்சி விடியப்புறம் கொண்டுவந்து இறக்கும். எங்கள் கந்தோருக்கு வரும் தபால் பையும் அந்தக் காலத்தில் அதில்தான் வந்தது என்பதால் எனக்கு அதில் தனிப் பாசம். பையும் நீங்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் நாள் முழுக்க உங்கள் கையில். கோச்சி நேரங்களும் நாட்களும் அடிக்கடி மாறுகின்றன. என்னைக் கேட்காமல் நிலையத்தைக் கேளுங்கள். ஆசனப்பதிவை எவ்வளவு முந்திச் செய்ய முடியுமோ அவ்வளவு முந்திச் செய்யுங்கள். நீண்ட விடுமுறை வரும் கிழமை என்றால் ஆசனம் கண்ணிமைக்கிற நேரத்தில் போய்விடும்.

திரும்பும்போது பகல் கோச்சியைப் பிடியுங்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், பார்க்க வேண்டியது எல்லாம் முதல் பாதியில் இருக்கிறது. நாவற்குழியில் கடல்நீரேரியைத் தாண்டும்போது ஒரு வாசம் அடிக்கும். உப்பும் சேறும் அழுகின சாதாளையும் சேர்ந்த வாசம். வருகிறவர்கள் அதை வைத்துத்தான் மேலே வைத்த பைகளை இறக்குவார்கள். போகிறவர்களுக்கு அது ஊர் விட்டுப் போகிற வாசம். கொடிகாமம், பளை தாண்டி ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெளி. உப்பளமும் தண்ணீரும், காலம் சரியென்றால் பூநாரையும்.

இந்தத் தண்டவாளத்தில் ஓட்டம் 1990இல் யுத்தத்தால் நின்றது. யாழ்ப்பாணம் வரை கோச்சி திரும்ப வந்தது 2014 ஒக்டோபர் 13. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2. நடுவில் இருபத்துநாலு வருஷம். பத்து வயதில் ஏறிய பிள்ளை முப்பத்துநாலு வயதில் அடுத்த கோச்சி ஏறியிருக்கிறது. தாமதம் என்று நிலைய அதிபரோடு கத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். ஆனாலும் கத்துங்கள், தாமதம் தாமதம்தான்.

நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு நடக்கிற தூரம்தான், ஓட்டோவும் நிற்கும். அங்கே காரைநகர் பஸ்ஸில் ஏறும்போது “துறைமுகம் மட்டும் போகுமோ?” என்று கேட்டு ஏறுங்கள். மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை எல்லாம் கடைகளும் மதில்களும்தான், கண்ணை மூடினாலும் நட்டமில்லை. பொன்னாலையில் முழித்துவிடுங்கள். பொன்னாலைத் தாம்போதியில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீர். அதற்குள் மனிதரும் கொக்கும் ஒரே மாதிரி ஆடாமல் அசையாமல் நின்று மீன் பார்ப்பார்கள். இந்தத் தாம்போதி இருப்பதால்தான் காரைநகர்த் தீவுக்குப் பஸ்ஸில் போக முடிகிறது.

துறைமுகத்தில் இறங்கிப் பாதை ஏறி அக்கரை. சாப்பிட்டு, நடந்து பார்த்துவிட்டு, திரும்பும்போது ஊர்காவற்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம். போகும்போது பாதை, வரும்போது பாலம். பின்நேர வெயிலில் பண்ணையால் வந்து கோட்டை மதிலைக் காண்பதற்காகவே இந்த ஒழுங்கு. மாறிச் செய்தால் பாதையைத் தவற விடுகிற ஆபத்தும் உண்டு. அந்த வெட்கக்கேட்டையும் கீழே எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: உங்கள் பேச்சைக் கேட்டுப் போன ஞாயிறு குடும்பத்தோடு காரில் ஊர்காவற்துறை போனோம். பதினைந்து நிமிஷத்தில் பார்த்து முடிந்துவிட்டது. பூட்டிய வீடுகள், ஒரு சந்தி, நாலு கடை. பெற்றோல் காசை யார் தருவது?

பதில்: காசு நான் தரமாட்டேன் தம்பி. ஆனால் உங்கள் கோபம் நியாயமில்லாத கோபம் என்றும் சொல்லமாட்டேன்.

நீங்கள் பண்ணையால் போய் வேலணை தாண்டிச் சந்தியில் காரை நிற்பாட்டியிருக்கிறீர்கள். ஒரு வீட்டுக்குக் கோடிப்பக்கத்தால் வந்து, மாட்டுக்கொட்டிலையும் சாம்பல் மேட்டையும் பார்த்துவிட்டு, வீடு சரியில்லை என்று திரும்பிய மாதிரி. அந்த ஊர் துறைமுகம். துறைமுகத்துக்கு முகம் கடல் பக்கம். அதற்கு வாசல் என்று ஒன்று இருந்தால் அது காரைநகர்க் கரையிலிருந்து பார்க்கிற பக்கம்தான்.

பூட்டிய வீடுகள் என்கிறீர்கள். உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன கடிதம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு மாதம் தவறாமல் சிங்கப்பூரிலிருந்து. இன்னொரு வீட்டுக்குக் கொழும்பிலிருந்து மணியோடர், அதை வாங்க ஒரு அம்மா வெற்றிலை போட்ட வாயோடு வந்து, கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரல் மையை என் கவுண்டர் மரத்தில் துடைத்துவிட்டுப் போவார். தீவுப் பகுதியில் சனம் 1990க்குப் பிறகு இடம்பெயர்ந்தது. கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள், கொஞ்சப் பேர் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார்கள், மிச்சப் பேர் விமானம் ஏறிவிட்டார்கள். வீடு பார்க்கிற கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லைத்தான்.

அடுத்தமுறை காரை காரைநகர்த் துறைமுகத்தடியில் நிற்பாட்டிவிட்டுப் பாதையில் போங்கள். இறங்கியதும் சந்திக்குப் போகாமல் முதலில் கரையோரமாக நடவுங்கள். பிறகு கரம்பன் பக்கம் ஒரு ஓட்டோ பிடியுங்கள். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர் அது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர், மணலும் பனையும் உப்புக் காற்றுமான இந்த ஒரு துண்டு நிலத்திலிருந்து போனவர். வேலணைப் பக்கம் சாட்டிக்குப் போனால் கடற்கரையோடு சிந்தாத்திரை மாதா கோவில். சிந்தாத்திரை என்றால் நல்ல கடற்பயணம். கடலுக்குப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிற மாதா. நான் சைவக்காரி, ஆனாலும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பிடிக்கும்.

இதுவும் பிடிக்காவிட்டால் கடிதம் எழுதுங்கள். பெற்றோலில் பாதிக் காசு பற்றி யோசிப்போம்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி: கழிப்பறை வசதி எப்படி? யாரும் இதை எழுதுவதில்லை.

பதில்: எழுதுவதில்லைத்தான், எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஆண்கள். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட முதல் ஒருமுறை. ஊர்காவற்துறையில் சாப்பிடுகிற கடையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குச் சொல்லும்போதே கேட்டுவிடுங்கள், மறுக்கமாட்டார்கள். துறைமுகத்தடியை நம்ப வேண்டாம். குடிதண்ணீரைப் போத்தலில் கொண்டு போங்கள். தீவுக் கிணறுகளில் பல சவர். சாட்டிப் பக்கம் மட்டும் நல்ல தண்ணீர்.

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு ஆசிரியை: ஊர்காவற்துறை என்ற பெயர் எப்படி வந்தது? என் மாணவன் ஒருவன் ‘ஊரைக் காவல் காத்த துறை’ என்று எழுதியிருக்கிறான். சரி போடலாமா, அக்கா?

பதில்: அரைப் புள்ளி போடுங்கள் ரீச்சர். சொல்லைப் பிரித்தால் அப்படித்தான் வருகிறது. ஆனால் பழைய பெயர் ஊராத்துறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் என்றால் பாதிக்குப் பாதி. யானை கொண்டுவருகிறவனை அரசன் மனம் நோக விடவில்லை. பட்டாளத்துக்கு யானை வேண்டும் அல்லவா. துறைமுகக் கந்தோரில் இருந்தவர்கள் இந்த விகிதத்தை மனப்பாடமாக வைத்திருந்திருப்பார்கள், நாங்கள் முத்திரைக் கட்டணத்தை வைத்திருந்த மாதிரி.

பஸ் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் கைட்ஸ் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் இறங்குதுறை என்று பொருள். ஒல்லாந்தர் வந்து தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைதீவு, அதாவது எங்கள் காரைநகர், அம்ஸ்ரடாம், ஊர்காவற்துறை இருக்கிற தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும்தான் ஒட்டியது. ஒல்லாந்திலிருந்து பழைய வரைபடத்தை வைத்து யாரோ ‘லைடன் தீவு, சிலோன்’ என்று எழுதிய கடிதம் ஒன்று, நாலு கந்தோர் முத்திரையோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. தபால் அதிபர் அதை மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு நாள் வைத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் விநியோகத்துக்குக் கொடுத்தார். விதிப்படி பிழை. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து யாரும் முறையிடவில்லை.

கனடாவிலிருந்து ஒரு வாசகர்: ஓகஸ்டில் பிள்ளைகளோடு வருகிறோம். வான் பிடித்து ஒரே நாளில் நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்துறை மூன்றையும் பார்த்துவிடலாம் என்று அத்தான் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அன்ரி?

பதில்: அத்தானை நெடுந்தீவுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மிச்சத்தைப் பாருங்கள்.

நெடுந்தீவுக்கு ஒரு முழுநாள் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, பிறகு வாணர் தாம்போதியால் புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், குதிரைகள், பெருக்கு மரம் எல்லாம் அவசரத்தில் பார்க்கிற பொருள் இல்லை. அந்தக் கடலில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன சனத்துக்கு நடந்த படுகொலையை நெடுந்தீவார் யாராவது சொல்ல வந்தால், நின்று கேட்கவும் நேரம் வேண்டும். நயினாதீவு அதே குறிகட்டுவானிலிருந்து கால் மணித்தியாலம்தான். உயிர்காப்பு அங்கி தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், படத்துக்கு வடிவில்லை என்று கழற்ற வேண்டாம். ஆனித் திருவிழாக் காலமென்றால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

இனி என் வெட்கக்கேடு. மூன்று வருஷத்துக்கு முதல் என் மகள் குடும்பம் வந்தபோது நான்தான் பயண ஒழுங்கு போட்டேன். காலையில் நயினாதீவு, மத்தியானம் ஊர்காவற்துறை. பேரப்பிள்ளைகளுக்குப் பாதை காட்ட வேண்டும் என்று, சாரதித் தம்பியை வெறும் வானோடு காரைநகர்த் துறைமுகத்துக்குச் சுற்றி அனுப்பிவிட்டேன். நாங்கள் பாதையில் அக்கரை போய் வானில் ஏறுவதாக ஏற்பாடு. பார்த்தால் அன்றைய கடைசிப் பாதை போய்விட்டது. ஒன்பது வருஷம் போய் வந்தவளுக்குக் கடைசிப் பாதை நேரம் தெரியாதா என்று மருமகன் மரியாதையாகக் கேட்டார். தெரியும். என் தலையில் இருந்தது 1985ஆம் வருஷத்து நேரசூசி.

இருட்டுப்படத் தொடங்கியது. எதிர்க்கரையில் எங்கள் வான் தெரிகிறது. சாரதித் தம்பி முன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். சின்னவன் கைத்தொலைபேசி வெளிச்சத்தால் திருப்பிக் காட்டுகிறான். கூப்பிட்டால் கேட்குமோ என்று தோன்றுகிற தூரம். நான் பிறந்த கரை அது, போக வழியில்லை. கடைசியில் அவர் பொன்னாலை, சங்கானை, மானிப்பாய், யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று முழுக்கச் சுற்றி எங்களிடம் வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். அதுவரை நுளம்புக்கடி. தேத்தண்ணிக் கடைக்காரர் பூட்டின கதவைத் திறந்து பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் தந்தார், காசு வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணப் பயணத்தில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது அந்த விளக்குத்தான், நயினாதீவு மறந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு, இன்றைக்கு ஓடுகிறதா, இரண்டையும் அன்று காலையிலேயே கேட்டு வையுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: கப்பலில் காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து ரயிலில் யாழ்ப்பாணம் வரலாம் என்கிறார்களே, நல்ல வழியா அம்மா?

பதில்: விமானத்தைவிட மரியாதையான வழி. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் என்று நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நாலு மணித்தியாலம். கடவுச்சீட்டு வேண்டும். வாடைக் காற்று தொடங்கினால் நிற்கக்கூடிய சேவை, ஆகவே கப்பல் ஓடுகிறதா என்று உறுதிப்படுத்திய பிறகு லீவு கேளுங்கள். காங்கேசன்துறை தண்டவாளத்தின் கடைசி நிலையம். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், பிறகு யாழ்ப்பாணம். நாளுக்குச் சில கோச்சிகள்தான், கப்பலுக்காகக் காத்து நிற்கவும் மாட்டாது. பஸ் இருக்கிறது.

என் அம்மப்பா திருவாதிரைக்குச் சிதம்பரம் போன வழி இதற்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்தில் ஏறி மதவாச்சியில் மாறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, திரும்பவும் ரயில். 1914இல் தொடங்கிய வழி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போன பிறகும் இராமேஸ்வரம் – தலைமன்னார் என்று 1984 வரை கப்பல் ஓடியது. அம்மப்பா புழுக்கொடியலும் பனாட்டும் கட்டிக்கொண்டு போவார், திரும்பும்போது திருநீறும் வேட்டியும் கொண்டுவருவார். நீங்களும் திரும்பும்போது கொஞ்சம் பனாட்டு வாங்குங்கள். முதல் கடிக்கு ஒரு மாதிரி இருக்கும், விடாதீர்கள்.

கண்டியிலிருந்து ஒரு வாசகர்: கடலுக்குள் இருக்கும் கோட்டையில் இரவு தங்கலாமா?

பதில்: அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. சாப்பாடும் தங்கும் அறையும் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்து, காரைநகர்ப் பக்கத்தால் அவர்களுடைய படகில் போகவேண்டும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. இலங்கையைப் பன்றித்தொடை மாதிரிப் பார்த்தவர்கள் ஒல்லாந்தர். அந்தத் தொடையின் குதிக்கால் இந்த இடத்தில் வருகிறதாம், அதனால் ஹமன்ஹீல். எங்கள் சனம் பூதத்தம்பி கோட்டை என்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஒருவன் சூழ்ச்சியால் பலியான பூதத்தம்பியின் கதை, எங்கள் ஊர்க் கூத்துக்காரர் விடிய விடிய ஆடுவது. பின்னாளில் சிறையாகவும் இருந்த இடம். அதனாலோ என்னவோ எனக்கு அங்கே படுத்து நித்திரை கொள்ளும் ஆசை வந்ததில்லை. பாதையிலிருந்து பார்த்ததோடு சரி.

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி: எந்த மாதம் நல்லது?

பதில்: தை கடைசியிலிருந்து சித்திரை வரை. சோளகக் காற்று தொடங்கினால் நெடுந்தீவுப் படகு ஆட்டும், வயிறு கலக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. ஊர்காவற்துறைப் பாதைக்கு மட்டும் இந்தக் கணக்கு அவ்வளவு இல்லை, அது ஒடுங்கிய கடல்.

ஜேர்மனியிலிருந்து ஒரு வாசகர்: நான் ஊர்காவற்துறையான். 1990இல் வெளிக்கிட்டவன். இந்தத் தை மாதம் ஆறு வயதுப் பேத்தியோடு வருகிறேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. பாதையில் கூட்டிக்கொண்டு போகலாமா, அல்லது பண்ணையால் போகட்டா? என்னைப் பயந்தவன் என்று நினைக்காதீர்கள், தங்கச்சி.

பதில்: அண்ணை, நான் உங்களுக்குக் கடிதம் கொடுத்திருக்கக்கூடும். எந்த ஒழுங்கை என்று எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன்.

பாதையிலேயே வாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விட்ட பிறகு ஏறுங்கள், அப்போது இடம் இருக்கும். பேத்தியை நடுவில், மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தப் பக்கம் நிற்பாட்டுங்கள். சைலன்சர் சுடும், வெறுங்கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், கம்பியில் கிறீஸ் இருக்கும். தொப்பியைக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். அக்கரை முட்டும்போது நீங்கள் முதலில் இறங்கி, பிறகு அவளைத் தூக்கி இறக்குங்கள்.